கிண்டி அஃபிலியேட் மீட்: மேடையை விடுங்கள், மேசைக்குப் போங்கள்

கிண்டியில் ஒரு ஹோட்டலின் விருந்து ஹாலில் சனிக்கிழமை நடந்த இந்த அஃபிலியேட் மார்க்கெட்டிங் (பிறர் பொருளுக்கு லிங்க் கொடுத்து, விற்றால் கமிஷன் வாங்கும் தொழில்) மீட்டுக்கு பாஸ் 2,500 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 2,950. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் புக் செய்யும்போதே எண்ணைக் கொடுத்துவிட வேண்டும், அப்போதுதான் அந்த 450 ரூபாய்க்கு இன்புட் கிரெடிட் (நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) எடுக்க வழி உண்டு. ஹாலுக்கு வந்து பில்லை மாற்றிக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது ‘மெயில் போடுங்க சார்’ மட்டும்தான்.

மேடைப் பேச்சுக்காக இந்தக் காசைக் கொடுக்க வேண்டாம். ஏஐ வந்தபின் எஸ்இஓ (தேடலில் மேலே வரச் செய்யும் வேலை) என்னாகும், டெலிகிராம் சேனலை வளர்ப்பது எப்படி என்பதெல்லாம் யூடியூபில் சும்மா கிடைக்கும். வரி பற்றிய அரை மணி நேரம் மட்டும் உருப்படி. வருமான வரிச் சட்டத்தின் 194எச் பிரிவில் கமிஷனுக்கான டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) 2024 அக்டோபர் 1 முதல் 5 சதவீதத்திலிருந்து 2 ஆனது, பான் கொடுக்காதவர்களுக்கு 20 சதவீதம் பிடிப்பது, பிடித்த தொகை 26ஏஎஸ்ஸில் (வருமான வரித் துறை காட்டும் வரிக் கணக்கு) வராவிட்டால், கடைகளையும் அஃபிலியேட்களையும் இணைக்கும் நெட்வொர்க்கிடம் என்ன கேட்பது என்று நேரே விஷயத்துக்கு வந்தார் பேசிய ஆடிட்டர்.

சரக்கு இருப்பது பின்னால் போட்டிருந்த மேசைகளில். அங்கே உட்கார்ந்திருக்கும் நெட்வொர்க்குகளின் அஃபிலியேட் மேனேஜர்கள் எடுத்த எடுப்பில் சொல்வது கமிஷன் தொகையை. கேட்க வேண்டியது அப்ரூவல் ரேட், அதாவது வந்த ஆர்டர்களில் எத்தனை சதவீதத்துக்குக் கமிஷன் உறுதியாகிறது என்பது. 1,000 கிளிக், அதில் 20 ஆர்டர், ஆர்டருக்கு 60 ரூபாய் என்றால் 1,200 ரூபாய், அதாவது கிளிக்குக்கு 1.20. ரிட்டர்ன், வாசலில் திருப்பி அனுப்பிய கேஷ் ஆன் டெலிவரி, கூப்பன் சைட்டின் கணக்கில் போய்ச் சேர்ந்த ஆர்டர் எல்லாம் கழிந்து 60 சதவீதம்தான் அப்ரூவ் ஆகிறது என்றால் கைக்கு வருவது 720. ஆர்டருக்கு 45 ரூபாயே கொடுத்தாலும் 90 சதவீதம் அப்ரூவ் செய்கிற ஆஃபரில் 810 வரும். இந்தக் கேள்விக்கு எண் சொல்லாமல் ‘நல்லாவே இருக்கும் ப்ரோ’ என்று இழுப்பவரிடம் நேரத்தைச் செலவிட வேண்டாம். அடுத்தது, பணம் எப்போது வரும்? வேலிடேஷன் (ஆர்டரைச் சரிபார்க்கும் காலம்) 60 நாள், அதற்குமேல் நெட் 30 (மேலும் 30 நாளில் பணம்) என்றால் ஜனவரி ஆர்டருக்கு ஏப்ரலில்தான். விளம்பரத்துக்குக் கைக்காசு போடுபவர்கள் அதுவரை தாங்க முடியுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிராக்கிங்கை (கிளிக்கும் ஆர்டரும் உங்கள் பெயரில் பதிவாவதை) அங்கேயே சோதித்துவிடலாம். மேனேஜரின் லேப்டாப்பில் டாஷ்போர்டைத் திறக்கச் சொல்லி, உங்கள் சப்-ஐடி (கிளிக் எங்கிருந்து வந்தது என்று காட்ட லிங்க்கில் சேர்க்கும் குறியீடு) போட்ட லிங்க்கை டெலிகிராமுக்குள்ளிருந்தே தட்டிப் பாருங்கள். லிங்க் கடையின் ஆப்புக்குத் தாவும்போது சப்-ஐடி உதிர்ந்துபோவது அடிக்கடி நடக்கும். பிரவுசரில் ஒழுங்காக வேலை செய்ததை வைத்து நம்பிவிடக் கூடாது. ஹோட்டல் வைஃபையில் சோதிக்காதீர்கள். ஹால் முழுக்க ஒரே ஐபி என்பதால் ஃபிராடு ஃபில்டர் கிளிக்கைத் தள்ளிவிடலாம். போஸ்ட்பேக் (ஆர்டர் ஆனதை நெட்வொர்க்கின் சர்வர் உங்கள் டிராக்கருக்குச் சொல்லும் ஏற்பாடு) வைப்பவர்கள் கிளிக் ஐடிக்கு (ஒவ்வொரு கிளிக்குக்கும் உள்ள அடையாளம்) இரு தரப்பும் வைத்திருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். அது பொருந்தாவிட்டால் கன்வர்ஷன் (ஆர்டராக மாறிய கிளிக்) அவர்கள் கணக்கில் இருக்கும், உங்கள் டிராக்கரில் இருக்காது.

ஏற்பாட்டில் குறைகள் உண்டு. ஸ்பீக்கர் பாக்ஸை மேசைகளுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டதால் கமிஷன் ரேட் பேசும் இடத்தில் கத்த வேண்டியிருந்தது. பேட்ஜ் ஒற்றைக் கொக்கியில் தொங்கி, திரும்பி வெறும் வெள்ளைப் பக்கத்தையே காட்டியது. பெயரும் ‘பப்ளிஷரா, அட்வர்டைசரா’ (லிங்க் போடுபவரா, பொருளை விற்பவரா) என்பதும் மறுபக்கம்! இரு பக்கமும் அச்சடிக்க எவ்வளவு ஆகிவிடப் போகிறது? மதியச் சாப்பாடு நன்றாகவே இருந்தது, ஆனால் நெட்வொர்க்கிங்குக்கு என்று ஒதுக்கிய நேரமும் அதுவேதான். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாஷ்போர்டைக் காட்ட முடியாது. பார்க்கிங் சிறியது, கிண்டி மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடிப்பது மேல்.

இப்போதுதான் தொடங்குபவர்களுக்கு இந்த பாஸ் வீண். மாதாமாதம் டிராஃபிக் (லிங்க்குக்கு வரும் ஆட்கள்) உள்ளவர்களுக்குக் காசு திரும்பும், கடைசி மூன்று மாத கிளிக், ஆர்டர், டிராஃபிக் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரே ஸ்கிரீன்ஷாட்டில் வைத்திருந்தால். பேசி ஒத்துக்கொண்ட ரேட்டை அன்றிரவே ஆஃபர் பெயரோடு மெயிலில் போட்டுவிடுங்கள். மேனேஜர்கள் அடிக்கடி வேலை மாறுவார்கள், எனவே அவருடைய வாட்ஸ்அப் எண்ணோடு நெட்வொர்க்கின் பொது மெயில் முகவரியையும் கேட்டு வாங்கி, சிசியில் சேருங்கள்.