மொடெம் மீது குற்றமில்லை: வெள்ளவத்தை வீட்டில் ஏழு வருட அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கையில் எங்கள் வீடு. 2018இல் வாங்கிய டிஎஸ்எல் மொடெம், அதாவது தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தரும் பெட்டி, இன்றும் உழைக்கிறது. சென்ற ஐப்பசி மழையில் அதைக் குப்பையில் போட இருந்தேன்.

முதலில் மழை நேரத்தில் மட்டும் இணைப்பு அறுந்தது. பிறகு மூன்று நாட்கள் வரவேயில்லை. டிஎஸ்எல் விளக்கு ஓயாமல் மினுங்கியது. அந்த விளக்கு நிலையாக எரிந்து, இணைய விளக்கு மட்டும் சிவந்தால் கடவுச்சொல்லையோ கட்டணப் பாக்கியையோ பார்க்க வேண்டும். டிஎஸ்எல் விளக்கே மினுங்கினால் மொடெம் தொலைபேசி நிலையத்தை எட்டவில்லை என்று பொருள். இதை விளக்கிச் சொல்லியும் சேவை நிலையத்தில் கிடைத்தது ஒரே பதில்தான்: "அணைத்துப் போடுங்கள். மொடெம் பழையது, மாற்றுங்கள்." பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் புதியதற்கு விலையும் கேட்டு வந்துவிட்டேன்.

அன்றிரவு அம்மா சொன்னார்: "தம்பி, போனில் ஒரே கரகரப்பு. பெரியம்மா பேசுவது விளங்கவில்லை."

பேச்சும் இணையமும் ஒரே செப்புக் கம்பியில்தான் வருகின்றன. தொலைபேசி ரிசீவரை எடுத்து ஓர் இலக்கத்தை அழுத்தினேன். டயல் ஒலி நின்றதும் அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில், சட்டியில் கடுகு வெடிப்பது போன்ற சத்தம். பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்பிளிட்டரைக் கழற்றி மொடெமை நேராகச் சுவர்ப் பெட்டியில் மாட்டினேன். மாற்றமில்லை. அதிகாலையில் சில நிமிடங்கள் இணைப்பு வந்தபோது உலாவியில் 192.168.1.1 என்ற மொடெமின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். இரைச்சல் இடைவெளி, அதாவது கம்பியின் இரைச்சலைத் தாங்க இணைப்புக்கு மிச்சமிருக்கும் அளவு, 3 டெசிபல்; நல்ல நாட்களில் 11 காட்டும். 6க்குக் கீழே போனால் இணைப்பு அறுந்துபோக வாய்ப்பு அதிகம்.

இந்த எண்ணைச் சொல்லி மறுபடி முறையிட்ட பிறகே ஆள் வந்தார். கம்பத்திலிருந்து வரும் வயர் சேரும் வெளிப்பெட்டி தாழ்வாரத்தின் கீழ் இருக்கிறது. திறந்தால், முறுக்கிய செம்பு முழுவதும் பச்சைக் களிம்பு. தொட்டதும் ஓர் இழை உதிர்ந்தது. கடற்காற்றின் உப்பும் மழை ஈரமும் செய்த வேலை. ஓர் அங்குலம் வெட்டி, புதுச்செம்பைச் சீவி, பசை நிரப்பிய இணைப்பானில் அழுத்தினார். பத்து நிமிடம்தான். மொடெம் தானாகவே இணைந்தது, மறுபடி 11.

இத்தனை வருடத்தில் என் பக்கத்தில் பழுதானது ஒன்றே. 2022 மின்வெட்டுக் காலத்தில் அடப்டர் தளர்ந்து, மொடெம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அணைந்து எழுந்தது. அதே வோல்ட், அதே ஆம்பியர் உள்ள வேறொன்று வாங்கியதும் சரியாயிற்று.

எங்கள் ஒழுங்கைக்கு ஃபைபர் வந்தால் மாறுவேன். கண்ணாடி இழையில் களிம்பு பிடிக்காது. அதுவரை செப்புக் கம்பியில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: பழுது பார்க்க வருபவர் வெளிப்பெட்டியைத் திறந்து பார்க்காமல் போக விடாதீர்கள். ஏணி இல்லை என்றால் உங்கள் ஏணியைக் கொடுங்கள்.