பச்சைக் குறியை நம்பி 180 டாலரைப் பறிகொடுத்தேன்

இரவு முழுவதும் தூக்கமில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் எழுதமாட்டேன் என்று எனக்கே தெரியும்.

ஒரு டாட் காம் பெயருக்காக, அதாவது இணையதள முகவரியாகும் டொமைன் பெயருக்காக, ஓராண்டாகக் காத்திருந்தேன். அதிலிருந்த தளம் திடீரென்று திறக்காமல் போனது. டொமைன் சோதிக்கும் தளம் ஒன்றில் தட்டிப் பார்த்தேன். "இந்தப் பெயர் கிடைக்கும்" என்று பச்சைக் குறி. கீழே விளக்கம் வேறு: "இப்பெயருக்குப் பதிவு எதுவும் காணப்படவில்லை." அந்த வரியில்தான் விழுந்தேன். வெறும் பச்சைக் குறியைச் சந்தேகப்பட்டிருப்பேனோ என்னவோ. காரணம் சொல்கிறவன் பார்த்துவிட்டுத்தான் சொல்வான் என்று ஒரு நினைப்பு. உரையாடல் பெட்டியிலும் கேட்டேன். "காலியாகத்தான் இருக்கிறது, வேறு யாரும் எடுப்பதற்குள் எங்கள் முன்பதிவில் பிடித்துவிடுங்கள்" என்றார்கள். 180 டாலர் கட்டினேன்.

காலியா? அவர்களுடைய கருவி, ஒரு பெயரின் தளம் எந்தக் கணினியில் இருக்கிறது என்று காட்டும் டி.என்.எஸ்ஸை மட்டுமே கேட்டிருக்கிறது. அது "அப்படியொரு பெயர் இல்லை" என்றால், அந்தப் பெயர் இப்போது இயங்கவில்லை என்றுதான் பொருள்; யாருக்கும் சொந்தமில்லை என்று பொருளல்ல. புதுப்பிக்காமல் விட்ட டாட் காம் பெயரைப் பதிவாளர் (பெயரைப் பதிவு செய்துதரும் நிறுவனம்) நீக்கினால், அது 30 நாள் 'ரிடெம்ப்ஷன் பீரியட்' என்ற மீட்புக்கால நிலையில் கிடக்கும். டி.என்.எஸ்ஸில் இருக்காது. ஆனால் பழைய உரிமையாளர் பணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம். மீட்காவிட்டால் இன்னும் 5 நாள் 'பெண்டிங் டிலீட்', அதாவது நீக்கத்துக்குக் காத்திருக்கும் நிலை. அதற்குப் பிறகே மற்றவர்கள் பதிவு செய்ய முடியும். பதிவு விவரம் கேட்கும் முறையான ஆர்.டி.ஏ.பி. வழியாக, டாட் காம் பெயர்களெல்லாம் பதிவாகியிருக்கும் பதிவேட்டைக் கேட்டிருந்தால் இந்த நிலை ஒரே வரியில் வந்திருக்கும். பதிவேட்டைத் திறந்தே பார்க்காமல் "பதிவு காணப்படவில்லை" என்று எழுத மட்டும் தெரிந்திருக்கிறது!

ஒன்பதாம் நாள் பழைய உரிமையாளர் பெயரை மீட்டுவிட்டார். அவர்மீது வருத்தமில்லை, அவருடைய பொருள். நான் என் 180 டாலரைக் கேட்டேன். முதல் பதில்: "சோதித்த நேரத்தில் முடிவு சரியாகவே இருந்தது." இரண்டாவது: "பழைய தகவல் காட்டப்பட்டிருக்கலாம்." இரண்டில் எது உண்மை என்று கேட்டதற்கு மூன்றாவது: "இது முயற்சிக்கான கட்டணம், திருப்பித் தரப்படாது." அடுத்த கடிதத்துக்குப் பதிலே இல்லை, "தீர்க்கப்பட்டது" என்று புகாரை மூடிவிட்டார்கள். அதற்கும் ஒரு பச்சைக் குறி!

விரிவாக ஆலோசனை சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. தளம் திறக்கவில்லை என்பதால் பெயர் காலி என்று எண்ணாதீர்கள். பணம் கட்டும் முன், டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் தேடல் பக்கத்தில் பெயரைப் போட்டு நிலை என்ன என்று படியுங்கள், இலவசம். 'ஹோல்ட்' (நிறுத்திவைப்பு) என்றிருந்தாலும் பெயர் ஒருவர் கையில்தான் இருக்கிறது. பெயர் கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இனி வங்கிக்குப் புகார் எழுத வேண்டும். அந்தப் பச்சைக் குறியைத் திரையோடு படம்பிடித்து வைத்திருக்கிறேன். 180 டாலருக்கு என் கையில் இருப்பது அந்தப் படம்தான்.