ஃபோல்ட்ஸ்கோப்: பள்ளி விட்ட பின் பிள்ளைகள் கையில் ஒரு காகித நுண்ணோக்கி

பள்ளி விட்ட பின் நடக்கும் செயல்வழி வகுப்புகளுக்கென்று விற்கப்படும் பெட்டிகளில் பெரும்பாலானவை ஒரே மாலையில் தீர்ந்துவிடுகின்றன. ஒட்ட வேண்டியதை ஒட்டி, வண்ணம் தீட்ட வேண்டியதைத் தீட்டிவிட்டால் அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டியில் வேலை இருப்பதில்லை. காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் என்னும் நுண்ணோக்கியை நான் உயர்வாக மதிப்பதற்கு முதற்காரணம், அதைச் செய்து முடித்த பிறகுதான் அதன் பயனே தொடங்குகிறது என்பதாகும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் ஆய்வுக்கூடத்தில் உருவான கருவி இது. இதன் வடிவமைப்பை விளக்கும் ஆய்வுக் கட்டுரை 2014இல் வெளிவந்தது. தண்ணீர் பட்டாலும் எளிதில் கிழியாத தாளில் அச்சிடப்பட்ட பகுதிகளைப் பிரித்தெடுத்து, கோடுகளின் வழியே மடித்து, ஒன்றினுள் ஒன்றைச் செருகிக்கொண்டே போனால் கருவி முழுமை பெற்றுவிடுகிறது. இதற்குப் பசையோ கத்தரிக்கோலோ தேவையில்லை. நடுவில் அமர்வது சுமார் 2.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கோளம். அதுவே வில்லை (லென்ஸ்), அதுவே சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. கோளம் சிறுக்கச் சிறுக்க உருப்பெருக்கம் கூடும் என்ற செய்தியைச் சொல்லால் விளக்குவதைவிட, அச்சிட்ட எழுத்தின் மேல் ஒளி ஊடுருவும் தாளை விரித்து, அதில் பெரியதும் சிறியதுமாகத் தண்ணீர்த் துளிகளை இட்டுப் பார்க்கச் செய்வது நல்லது. மடிக்கத் தொடங்குமுன் இதற்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கினால், தாங்கள் எதைச் செய்கிறோம் என்று புரிந்துகொண்டு பிள்ளைகள் மடிப்பார்கள்.

மடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்து வயதைக் கடந்தவர்கள் படம் பார்த்தே செய்துவிடுவார்கள். அதனினும் இளையவர்களுக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்க்காவிட்டால் பிறகு குவியம், அதாவது பொருள் தெளிவாகத் தெரியும் நிலை, நிலைக்காது என்பதை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அன்றைக்கே பார்க்கவும் தொடங்கிவிடலாம் என்று திட்டமிடாமல், மடிப்பதற்கென்று ஒரு வகுப்பை முழுமையாக விட்டுவிடுவதே என் பரிந்துரை.

பார்க்கத் தொடங்கும்போது பொறுமை சோதிக்கப்படும். கண்ணை வில்லைக்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டும். முதலில் பலருக்குத் தங்கள் கண்ணிமை மயிர்தான் தெரியும். கட்டைவிரல்களால் தாளை மெல்ல நகர்த்திக் குவியத்தைக் கண்டுபிடிப்பதற்குள் சில பிள்ளைகள் கருவியைக் கீழே வைத்துவிடுவார்கள். ஆகவே முதற்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் வகுப்பை நடத்துபவர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். வெங்காயத்தின் உட்புறத்திலிருந்து உரித்த மெல்லிய தோலே என் தேர்வு. அதன் செல்கள் பெரியவை, செங்கல் அடுக்கியதுபோல் எல்லைகள் தெளிவாகத் தெரிபவை, எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஏதோ ஒன்று கண்ணில் படும். உப்புப் படிகங்களும் நன்றாகத் தெரியும், ஆனால் அவை தடித்தவையாதலால் ஒரு முகம் தெளிவானால் மறுமுகம் மங்கும்; அவற்றை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து இலைத்துளைகள், அதாவது இலையில் காற்றும் நீராவியும் வந்துபோகும் நுண்ணிய துளைகள். நிறமற்ற நகப்பூச்சை இலையின் அடிப்புறத்தில் மெலிதாகப் பூசி, நன்றாகக் காய்ந்தபின் ஒட்டுநாடாவை வைத்து உரித்தெடுத்தால் இலையின் அச்சு அப்படியே வந்துவிடும். அதில், திறந்து மூட உதவும் இரண்டு காவற்செல்கள் சூழ்ந்த துளைகளைக் காணலாம். இந்தப் பயிற்சியில் கைக்கும் வேலை உண்டு, காத்திருப்பும் உண்டு, எண்ணுவதற்கும் இடமுண்டு: ஒரே இலையின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் அச்செடுத்து ஒப்பிடச் சொன்னால், பல செடிகளில் அடிப்புறத்திலேயே துளைகள் மிகுதி என்பதை அவர்களே கண்டு சொல்வார்கள். பிறகு ஏன் என்ற கேள்வியும் அவர்களிடமிருந்தே வரும், அந்தக் கேள்விக்காகவே இந்தக் கருவியை வாங்கலாம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

குளத்து நீரைப் பார்க்கும் நாளில், 17ஆம் நூற்றாண்டில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான லீவன்ஹூக் இதைப்போன்ற ஒற்றை வில்லையை வைத்தே நீரில் வாழும் நுண்ணுயிர்களைக் கண்டு எழுதினார் என்பதைச் சொல்லலாம். தங்கள் கையில் இருப்பது விளையாட்டுப் பொருள் என்ற எண்ணம் அப்போது மாறிவிடும். நீரைத் தொட்டவர்கள் கை கழுவியாக வேண்டும்.

இக்கருவியால் இயலாதவற்றையும் வாங்குமுன் அறிந்திருப்பது அவசியம். சுமார் 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குக் கீழே இது பிரித்துக் காட்டாது. பெரும்பாலான பாக்டீரியாக்கள் அந்த எல்லையிலோ அதற்குக் கீழேயோ இருப்பதால், கிருமியைக் காட்டுவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. கோள வில்லையாதலால் நடுப்பகுதி தெளிவாகவும் ஓரம் மங்கலாகவும் தெரியும். ஒரு சமயத்தில் ஒருவர் மட்டுமே பார்க்க முடியும் என்பதால், ஒரு கருவியை வாங்கி வகுப்பு முழுவதற்கும் சுற்றுக்கு விடுவது வீண். இருவருக்கு ஒன்றாவது வேண்டும், ஒருவர் பார்க்க மற்றவர் அவர் சொல்வதைக் கேட்டு வரையலாம்.

சிறு காந்தங்களின் உதவியால் இதைக் கைபேசியின் கேமராவோடு இணைத்துப் படமெடுக்கலாம். அந்த வசதி நல்லதுதான். ஆயினும் கண்ணால் பார்த்துப் பென்சிலால் வரையும் பழக்கம் வந்தபின் அதை அறிமுகப்படுத்துவதே முறை, இல்லையெனில் எல்லோரும் கைபேசித் திரையைச் சூழ்ந்து நின்றுவிடுவார்கள். விளக்கொளியையோ வானத்தின் வெளிச்சத்தையோ நோக்கிப் பிடித்துப் பார்க்கலாம். சூரியனை நோக்கி ஒருபோதும் பிடிக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் சொல்ல வேண்டும். வாரம் ஒரு முறையாவது தொடர்ந்து நடக்கும், எண்ணிக்கையில் சிறிய குழுவுக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். ஒரே நாள் நிகழ்ச்சிக்கு மட்டும் ஏதேனும் தேடுபவர்கள் தண்ணீர்த் துளிப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம்.