78 தட்டுக்கான முள் என்று சொல்லி எல்பி முள்ளை அனுப்பிவிட்டார்கள். 6,800 ரூபாய் போச்சு!

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்கு இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். ஓர் இணைய விற்பனைத் தளம். அதில் பழைய ஆடியோ சாமான்கள் மட்டுமே விற்கும் ஒரு விற்பனையாளர். '78க்கென்றே செய்த கார்ட்ரிட்ஜும் முள்ளும்' என்று போட்டு 6,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். (முள்ளைத் தாங்கி, அதன் அதிர்வை மின் சிக்னலாக்கும் சிறு பெட்டிதான் கார்ட்ரிட்ஜ்.) வந்தது சாதாரண எல்பி முள், அதாவது பின்னால் வந்த 33 சுற்று வினைல் தட்டுக்கான மெல்லிய முள். பிளாஸ்டிக் பிடியின் நிறம் மட்டும் வேறு, அதன் மேல் '78' என்று அச்சு.

நம்ப வைத்த விதம்தான் வயிற்றெரிச்சல். விலையைப் பேசுவதற்கு முன்பே அவர்களாகக் கேட்டார்கள்: "தட்டுகள் 1925க்கு முந்தியவையா, பிந்தியவையா? நிறைய தேய்ந்திருக்கிறதா? 3 மில் போதுமா, 2.5 வேண்டுமா?" மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, முள் முனையின் ஆரத்தைச் சொல்லும் அளவு. விஷயம் தெரிந்தவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்விகள் இவை. 1925ல்தான் மைக் வைத்துப் பதியும் மின்பதிவு கடைகளுக்கு வந்தது. அதற்கு முன் எல்லாம் மின்சாரமின்றிப் புனலில் பாடிப் பதிந்தவை. தட்டுக்குத் தட்டு வரிப்பள்ளத்தின் அகலம் மாறும். பெரும்பாலான 78களுக்கு 3 மில், அதாவது 76 மைக்ரான் ஆரமுள்ள முனை சரியாக வரும். கடைசிக் காலத்துத் தட்டுகளுக்கு 2.5 பக்கம் நன்றாக இருக்கும். எஃகு முள் ஓடி ஓடித் தேய்ந்த தட்டென்றால், அளவைக் கொஞ்சம் மாற்றிப் பள்ளச் சுவரில் தேயாத உயரத்தில் முனையை உட்கார வைப்பார்கள். இத்தனையும் அறிந்து பேசுகிறவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? '3 மில், வைரம், கூம்பு முனை' என்று எழுத்திலேயே உறுதி கொடுத்தார்கள்.

தட்டில் வைத்ததும் குட்டு வெளிப்பட்டது. குரலை மூழ்கடிக்கும் இரைச்சல், உச்சஸ்தாயியில் கரகரப்பு. எல்பி முனையின் ஆரம் 0.7 மில், சுமார் 18 மைக்ரான்தான். 78ன் அகலமான பள்ளத்தில் அது இரு சுவரிலும் சாய்ந்து நிற்காது. அடியில் போய் விழுந்து பக்கவாட்டில் ஆடும். அடியில் இருப்பது இசை அல்ல, பல ஆண்டு அழுக்கு. போதாததற்கு அரக்குத் தட்டில் கல்தூள் கலந்திருக்கும். எஃகு முள்ளைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவரத்தான் அந்த உரசல் தன்மை. ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்று அந்தக் காலத்தில் மாற்றியதும் அதனால்தான். அந்தத் தூளும் அடியில்தான் கிடக்கிறது.

புகார் சொன்னதும் முதல் பதில்: "முள் தட்டை அழுத்தும் எடையைக் கூட்டி 5 கிராம் வையுங்கள்." எவ்வளவு ஆபத்தான யோசனை! உண்மையான 78 முள் அந்த எடையைத் தாங்கும்படி இறுக்கமாகச் செய்யப்பட்டது. ஆடியோ-டெக்னிக்கா நிறுவனத்தின் விஎம்95எஸ்பி என்ற 78 கார்ட்ரிட்ஜின் முனை 3 மில், அதற்கு 4.5 முதல் 5.5 கிராம். 2 கிராமுக்கென்று செய்த எல்பி முள்ளில் 5 கிராம் ஏற்றினால் முள்ளைத் தாங்கும் மெல்லிய தண்டு மேலே மடங்கி, கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டில் உரசும். சுருதி மாறாமல் இத்தனை காலம் தப்பிவந்த தட்டு அதோடு போகும்.

அடுத்து, "உங்கள் போனோ ப்ரீஆம்பில் ஆர்ஐஏஏ சமன்படுத்தல், அதனால்தான்" என்றார்கள். போனோ ப்ரீஆம்ப் என்பது கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி. பதியும்போது மாற்றிய மேல், கீழ் ஸ்தாயி அளவுகளை அது திரும்பச் சரிசெய்யும் ஒரு முறைதான் ஆர்ஐஏஏ. ஆர்ஐஏஏ 1950களில் வந்தது, முந்தைய தட்டுகளுக்கு அது பொருந்தாது என்பது உண்மை. ஆனால் அதனால் தொனிதான் மாறும். மேல் ஸ்தாயி மங்கலாம், கீழ் ஸ்தாயி கனக்கலாம். கரகரப்பு வராது. தெரியாமல் சொன்ன பதிலா இது?

பிறகு நுண்ணோக்கிப் படம் அனுப்பினேன்: அவர்கள் முள்ளும் ஒரு நல்ல எல்பி முள்ளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே உருப்பெருக்கத்தில். இரண்டு முனையும் ஒரே அளவு. "படம் தெளிவில்லை." தெளிவாக அனுப்பினால், "பாக்கெட் பிரித்த முள்ளைத் திரும்ப எடுப்பதில்லை." பிரிக்காமல் முனையை எப்படிப் பார்ப்பதாம்? தளத்தைக் கேட்டால் விற்பனையாளரிடம் பேசச் சொன்னார்கள். அவர் இழுத்தடித்ததில் திருப்பி அனுப்பும் கெடு முடிந்தது. இப்போது "கெடு கடந்துவிட்டது, எங்களால் முடியாது" என்கிறார்கள். 6,800 ரூபாய்!

எந்த முள் எந்தத் தட்டுக்கு என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. அவசரமாகச் சில மட்டும். முனையின் ஆரத்தை மைக்ரானிலோ மில்லிலோ போடாத விளம்பரத்தைத் தொடாதீர்கள். '78க்கு ஏற்றது' என்ற சொல்லுக்கு மதிப்பே இல்லை. எல்பி முள்ளோடு சேர்த்து எடுத்த நுண்ணோக்கிப் படம் கேளுங்கள், 3 மில் முனை பார்த்ததுமே மொண்ணையாக, தடிமனாகத் தெரியும். வைரமா நீலக்கல்லா என்றும் கேளுங்கள்; அரக்குத் தட்டில் நீலக்கல் சீக்கிரம் தேயும். பார்சலைப் பிரிப்பதைக் காணொளி எடுங்கள். இரைச்சல் வந்தால் உடனே முள்ளைத் தூக்குங்கள், எடையைக் கூட்டாதீர்கள். விற்பனையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே தளத்திலும் புகார் பதிந்துவிடுங்கள், கெடு ஓடிக்கொண்டே இருக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் சொல்லுங்கள்.