ரீசெட்டா, சைஃபரா?

பாளையங்கோட்டை வீட்டில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைத் தங்கச்சி மகனுக்குக் கொடுக்க வேண்டும். விண்டோஸ் இருக்கணும், என் கோப்புகள் மட்டும் சுத்தமாகப் போகணும்.

ஒரு வழி, செட்டிங்ஸில் உள்ள ரீசெட். எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி, கூடவே டேட்டாவைத் துடைக்கும் வசதியையும் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் மீட்பு மென்பொருள் பழைய படங்களைத் தோண்டி எடுத்துவிடும். விண்டோஸ் புதிதாக ஏறும். நாம் ஏற்றிய மென்பொருள்கள் போய்விடும்.

இன்னொன்று, கோப்புகளை நாமே அழித்துவிட்டு, கட்டளை தட்டும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டில் சைஃபர் (cipher /w) கட்டளை கொடுப்பது. அழித்த கோப்பு உடனே மறைவதில்லை. அதன் இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். சைஃபர் அந்தக் காலி இடத்தில் 3 முறை எழுதும்: முதலில் பூஜ்யம், அப்புறம் 255, கடைசியில் தாறுமாறான எண்கள். மென்பொருள்களுக்கு ஒன்றும் ஆகாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டை அழிக்க மறந்தால் அதுவும் பத்திரமாக இருக்கும்!

எனக்கு மறதி அதிகம், அதனால் ரீசெட்தான். ஆனால் ஆடிக் காற்றுக்கு எங்கள் தெருவில் கரண்ட் அடிக்கடி போய்விடும். யூபிஎஸ் 20 நிமிஷம்தான் தாங்கும், ரீசெட்டுக்கு அது போதாது. ரீசெட் நடுவில் நின்றால் விண்டோஸே எழும்பாமல் போகலாம். சைஃபர் நின்றால், அது விட்டுப்போன தற்காலிகக் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். காற்று அடங்கட்டும் என்று காத்திருக்கிறேன்.