பி.எஸ்.ஏ. பான்டம் டி1: மலைநாட்டுப் பாவனைக்கு எப்படி?

இங்கிலாந்து பி.எஸ்.ஏ. கம்பனியின் பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கான பான்டம் ஏற்றத்தில் இழுக்காது என்பதுதான் எல்லாரும் சொல்லும் குறை. 123 சி.சி., நாலு குதிரைசக்தி சொச்சம், மூன்றே கியர். பிறகு எப்படி இழுக்கும்? ரம்பொடை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் திணறவிடாமல், வேகம் விழுமுன்னே இரண்டாவதுக்கு வந்தால் தன்பாட்டில் ஏறும்.

எஞ்சினைத் தின்பது இறக்கம்தான். நுவரெலியாவிலிருந்து புசல்லாவைப் பக்கம் இறங்கும்போது திரொட்டிலை மூடி, கியரில் பிடித்தபடி வருவது நாலு ஸ்ட்ரோக் பழக்கம். இதில் ஒயில் பெற்றோலோடு கலந்துதான் உள்ளே போகும். திரொட்டில் மூடியிருக்க, எஞ்சின் மட்டும் வேகமாகச் சுற்றினால் பிக் எண்ட் (கொன்ரொட் கிராங்கில் பொருந்தும் பெயாரிங்) காயும், பிஸ்டன் பிடிக்கும். சில வினாடிக்கு ஒருமுறை திரொட்டிலை லேசாகத் திறந்து மூடுங்கள். பழைய புத்தகம் சொல்வது 20:1 கலவை. இன்றைய டூ ஸ்ட்ரோக் ஒயிலுக்கு 25:1 போதும்: 5 லீற்றருக்கு 200 மி.லீ. அதற்குமேல் குறைத்து மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்று மெலிந்து, காற்றும் பெற்றோலும் சேர்ந்த கலவை தடித்துப்போகும், பிளக் கறுக்கும். கார்பரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு மேலே போட்டால் சரி. ஆனால் கண்டிக்கு இறங்குவதென்றால் பழைய இடத்துக்கே மாற்றிவிடுங்கள்; மெலிந்த கலவையோடு தட்டைப் பாதையில் முறுக்கினால் பிஸ்டன் போய்விடும்.

கியர்பொக்ஸ் ஒயில் காரணமில்லாமல் குறைந்து, புகை தடித்தால் அந்தப் பக்கத்துக் கிராங்க் சீல் தேய்ந்துவிட்டது. எஞ்சின் அந்த ஒயிலை உறிஞ்சி எரிக்கிறது. மறுபக்கச் சீல் போனால் காற்று இழுக்கும்; ஐட்லிங் நிற்காது, திரொட்டிலை விட்டாலும் சுற்று இறங்காது. ரிங் மாற்றிப் பயனில்லை. எஞ்சினைப் பிரிக்கும்போது சீலோடு பெயாரிங்கையும் மாற்றுங்கள், இரண்டாவது கூலி மிச்சம்.

மஸ்கெலியாப் பக்கத்து மழையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் பிளக் வயரைத் துடைத்துப் பாருங்கள், பிறகு பொயின்ட் (பிளக்குக்குப் பொறி கிடைக்கச் செய்யும் தொடுமுனை): இடைவெளி 0.015 அங்குலம். நிறுத்தியதும் பெற்றோல் டெப்பை மூடுவது கட்டாயம். கார்பரேட்டரின் மிதவை ஊசி வால்வு கசிந்தால் இரவோடிரவாகக் கிராங்க்கேஸில் பெற்றோல் நிறைந்துவிடும்.

பான்டத்தின் மூலம் ஜெர்மன் டி.கே.டபிள்யூ. கம்பனியின் ஆர்.டி.125 பைக். போர் இழப்பீடாகக் கிடைத்த அந்த வரைபடத்தை பி.எஸ்.ஏ. கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலமாகத் திருப்பி, 1948இல் வெளியிட்டது. கியர் லீவர் வலப்பக்கம் வந்தது அதனால்தான். யமஹாவின் முதல் பைக்கும் (1955) அதே வரைபடத்தின் வாரிசு. அந்த யமஹா உள்ளிட்ட ஜப்பான்காரர்களின் போட்டியை பி.எஸ்.ஏ. தாங்கவில்லை. 1971இல் பான்டம் நின்றது, 1973இல் கம்பனியே நோர்ட்டன் வில்லியர்ஸ் ட்ரையம்ஃபுக்குள் கரைந்தது. இன்று பி.எஸ்.ஏ. பெயரில் விற்கும் வண்டிகளின் பாகம் எதுவும் இதற்குச் சேராது.

நட்டுகள் இங்கிலாந்து அளவு. மில்லிமீற்றர் ஸ்பானர் போட்டால் தலை உருண்டுவிடும். விட்வேர்த் (இங்கிலாந்து அளவு) ஸ்பானர் செட் ஒன்று வாங்கிய பிறகே வண்டியில் கை வையுங்கள். கழன்ற மரைக்கு மெற்றிக் போல்ட்டை முறுக்கி ஏற்றும் கராஜ்காரரிடம் வண்டியை விடவே வேண்டாம்.