ஃபோட்டோஃப்ரின்: விழுங்க வழி தரும், ஒரு மாதம் வெயிலைப் பறிக்கும்

முற்றிய உணவுக்குழாய்ப் புற்றுக்கு ஃபோட்டோஃப்ரின் மருந்தைப் பரிசீலிப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இது நோயைக் குணமாக்குவதற்கு அல்ல, அடைபட்ட குழாயைத் திறப்பதற்கு. அமெரிக்காவில் 1995 டிசம்பரில் கிடைத்த அனுமதியும் அதற்குத்தான்: குழாய் முழுதாக அடைபட்டவர்களுக்கும், ஓரளவு அடைபட்டு, கட்டியைச் சுட்டு அகற்றும் வெப்ப லேசர் சரிப்படாதவர்களுக்கும்.

ஃபோட்டோஃப்ரின் என்பது விற்பனைப் பெயர்; மருந்தின் பெயர் போர்ஃபிமர் சோடியம். ஊசியாக ஏற்றிய பிறகு ஒளி பட்டால்தான் இது வேலை செய்யும். 75 மி.கி. பொடிக் குப்பியில் 31.8 மி.லி. டெக்ஸ்ட்ரோஸ் அல்லது சலைன் விட்டுக் கரைத்தால் மி.லி.க்கு 2.5 மி.கி. கிடைக்கும். அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 2 மி.கி. 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 மி.கி., அதாவது 48 மி.லி.; இரண்டு குப்பி உடைக்க வேண்டும். 3 முதல் 5 நிமிடத்தில் மெதுவாக நரம்பில் ஏற்றுகிறார்கள். கரைசல் செம்பழுப்பாக, கலங்கலாக இருப்பதால் துகள் மிதக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஊசி நரம்பை விட்டு விலகி மருந்து தோலடியில் கசிந்தால், அந்த இடத்தை வெளிச்சம் படாமல் மூடி வைக்க வேண்டும்.

40 முதல் 50 மணி நேரம் கழித்து, எண்டோஸ்கோப் எனும் உள்நோக்குக் குழாய் வழியாக ஒளியிழையை இறக்கி 630 நானோமீட்டர் சிவப்பு லேசர் பாய்ச்சுகிறார்கள். இழை நீளத்தில் செ.மீ.க்கு 300 ஜூல், 12 நிமிடம் 30 விநாடி. ஒளி பட்ட மருந்து அங்குள்ள ஆக்சிஜனை வீரியமாக்கி, கட்டியின் செல்லையும் ரத்தக் குழாயையும் அழிக்கிறது. வெப்பத்தால் சுடும் வேலை இதில் இல்லை; அதனால்தான் குழாயில் ஓட்டை விழும் ஆபத்து குறைவு. வெப்ப லேசருடன் நேருக்கு நேர் ஒப்பிட்ட 1995ஆம் ஆண்டு ஆய்வில் ஓட்டை விழுந்தது இதில் 1%, அதில் 7%. இந்த மருந்துக்குப் பெரிய மதிப்பெண் இங்கேதான்.

செத்த திசுவை மெதுவாகச் சுரண்டி எடுத்துவிட்டு, ஊசி போட்டதிலிருந்து 96 முதல் 120 மணி நேரத்துக்குள் இரண்டாம் முறை ஒளி தரலாம். அழுத்திச் சுரண்டினால் ரத்தம் கொட்டும். முதல் சில நாட்களில் வீக்கத்தால் விழுங்குவது இன்னும் கடினமாகலாம், நெஞ்சு வலிக்கும், காய்ச்சல் வரும். இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் வீட்டார் சிகிச்சை தோற்றுவிட்டதென்று பயந்துவிடுவார்கள். பின்னாளில் குழாய் சுருங்குவதும் உண்டு.

இனி குறை. குறைந்தது 30 நாள் தோலும் கண்ணும் ஒளியைத் தாங்காது. சிலருக்கு 90 நாள் வரை நீளும். சன்ஸ்கிரீன் தடுப்பது புற ஊதாக் கதிரை, இங்கே சுடுவதோ கண்ணுக்குத் தெரியும் ஒளி. எனவே பூசிப் பயனில்லை. முழுக்கைச் சட்டை, கையுறை, அகல விளிம்புத் தொப்பி, அடர் கறுப்புக் கண்ணாடி வேண்டும். பல் மருத்துவரின் விளக்குகூடச் சுடும். அதற்காக இருட்டறையில் அடைந்து கிடப்பதும் தவறு: வீட்டின் சாதாரண வெளிச்சம்தான் தோலில் தங்கிய மருந்தைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. 30 நாள் கழித்து, முகத்தைத் தவிர்த்து, சிறிதளவு தோலை 10 நிமிடம் வெயிலில் காட்டி 24 மணி நேரம் பார்க்கலாம். சிவந்தால் இன்னும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். டெட்ராசைக்ளின், சல்ஃபா ஆகிய கிருமிக்கொல்லிகளும், தயசைடு எனும் சிறுநீர் பெருக்கிகளும் இந்த ஒளிக்கூச்சத்தைக் கூட்டும்.

சில மாதமே ஆயுள் எதிர்பார்க்கப்படுபவருக்கு அதில் ஒரு மாதத்தை நிழலில் கழிப்பது சின்ன விஷயமல்ல. அப்படிப்பட்டவருக்கு, குழாயை விரித்துப் பிடிக்கும் உலோக வலைக்குழலான ஸ்டென்ட்டே மேல். ஒளிக் கட்டுப்பாடு இல்லை, பலனும் சீக்கிரம் தெரியும். ஆனால் கட்டி தொண்டைக்கு மிக அருகில் இருந்து ஸ்டென்ட் உறுத்தினாலோ, வைத்த ஸ்டென்ட்டுக்குள்ளேயே கட்டி வளர்ந்துவிட்டாலோ ஃபோட்டோஃப்ரினுக்கு இடமுண்டு. உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே துளை விழுந்தவர்கள், கட்டி பெரிய ரத்தக் குழாயை அரித்தவர்கள், போர்ஃபைரியா எனும் ரத்த நிறமி உற்பத்திக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது. கதிர்வீச்சு முடித்தவர்கள் நான்கு வாரம் விட்டுத்தான் இதற்கு வர வேண்டும்.